சோறில்லாத பெருநாள் கோழி



ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. இந்த முறை எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் உம்மாமார் மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "டீச்சர், எங்கட வீட்டில உம்மாவுக்கும் சீனி, வாப்பாவுக்கும் சீனி. பெருநாள் கோழிக்குள்ள சோறு வைக்காம, பாண்தூள் போடாம வேற என்னத்த வைக்கிற?"

நாங்கள் வரலாறு படிப்பிக்கிறவர்கள். கேள்வி அடுப்பங்கரையைப் பற்றியது என்றாலும், இதற்குப் பதில் தேடிப் போனால் நம் கரையின் கதை முழுவதும் கூடவே வந்துவிடுகிறது. ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். செய்முறை மட்டும் வேண்டியவர்கள் கீழே இறங்கிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

முதலில் ஒரு விடயம். பெருநாள் என்றால் சோறு, சோறு இல்லாவிட்டால் பெருநாள் இல்லை என்று நாம் நினைக்கிறோம். ஆனால் நாம் இருக்கிற மண்ணைப் பாருங்கள். ஆலங்குடாவில் நெல் விளைகிறதா? கற்பிட்டித் தீபகற்பம் முழுக்க மணல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். வெங்காயம், கொச்சிக்காய், புகையிலை, தென்னை, கிழங்கு எல்லாம் இதில் வரும். தண்ணீரைக் கட்டி நிறுத்தி நெல் விதைக்கிற வயல் வராது. இந்தக் கரையில் அரிசி என்பது எந்தக் காலத்திலும் வெளியே இருந்து வள்ளத்திலோ வண்டியிலோ வந்து சேர்ந்த பொருள்தான். இங்கேயே கிடைத்தவை மீனும் தேங்காயும் கோழியும் முட்டையும்.

இப்னு பதூதா 1344 இல் இலங்கைக்கு வந்தபோது இறங்கிய இடத்தைப் 'பத்தாலா' என்று எழுதுகிறார். அது புத்தளம்தான் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. கரையெல்லாம் கறுவாப்பட்டைக் கட்டைகள் கிடந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர் அவர். அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்துவிட்டுத்தான் பாவா ஆதம் மலைக்குப் போனார். இதை நாம் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் இங்கே வருவதற்கு முன் எங்கே இருந்தார் என்பதை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். மாலைதீவில் இருந்தார், அங்கே காழியாராகவும் இருந்தார். அந்தத் தீவுகளில் தானியம் மிகக் குறைவு என்றும், ஒரு பகுதியில் மட்டும் தினை போன்ற ஒன்று விளைகிறது என்றும் எழுதுகிறார். சோகியைக் கொடுத்து வங்காளத்திலிருந்து அரிசி வாங்கினார்கள். அன்றாடச் சாப்பாடு மீனும் தேங்காயும். அந்த மீனை அவித்து, புகையில் காயவைத்து எடுப்பதை அவர் விவரிப்பதை வாசித்தால் நமக்கு உடனே பிடிபடும். நம் சம்பலுக்கு இடிக்கிற மாசி அது. ஆக, மாசியும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் கொச்சிக்காயும் தேசிக்காயும் சேர்ந்த அந்தக் கலவைக்குத் தானியம் ஒருபோதும் தேவைப்பட்டதில்லை.

அவரே டில்லி சுல்தானின் விருந்தைப் பற்றிச் சொல்லும்போது சம்பூசாவை வருணிக்கிறார். கொத்திய இறைச்சியை வாதுமை, அக்ரோட்டு, பிஸ்தா, வெங்காயம், சரக்குகளோடு சமைத்து, மெல்லிய மா உறைக்குள் வைத்து நெய்யில் பொரித்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், 1226 இல், பக்தாதில் முஹம்மத் இப்னு ஹஸன் அல்பக்தாதி என்பவர் 'கிதாபுத் தபீக்' என்ற சமையல் நூலை எழுதினார். முப்பத்திரண்டு வருடம் கழித்து மொங்கோலியர் அந்த நகரத்தைச் சாம்பலாக்கியும் இந்த நூல் தப்பிவிட்டது. அதிலும் சம்பூசாவுக்குள் இருப்பது கொத்திறைச்சி, மல்லி, சீரகம், மிளகு, கறுவா, புதினா, இடித்த வாதுமை. மா வெளியே இருக்கிறது. உள்ளே தானியமே இல்லை. ஈரானில் முழுக்கோழிக்குள் உலர்ந்த பழங்களும் அக்ரோட்டும் வைத்துத் தைத்து வேகவைப்பார்கள், இன்றும் செய்கிறார்கள். வளைகுடா நாட்டுக்குப் போய்வந்த நம் ஆட்கள் ஆட்டுக்குள் சோறு அடைத்ததைப் பார்த்துவிட்டு அதுதான் அரபுச் சமையலின் ஒரே வழி என்று சொல்வார்கள். அதுவும் ஒரு வழி, அவ்வளவுதான்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. மலபாரில், கோழிக்கோடு தலசேரிப் பக்கத்து மாப்பிள்ளை முஸ்லிம்கள் செய்யும் 'கோழி நிறச்சது'. நிறைத்த கோழி என்று பொருள். முழுக்கோழி, உள்ளே அவித்த முட்டை, அதைச் சுற்றி நன்றாக வதக்கிய வெங்காயமும் சரக்கும், கஜுவும் பிளம்ஸும். ஒரு மணி அரிசி கிடையாது. பெரிய வீட்டுக் கல்யாணங்களில் இதையே பெருக்கி ஆட்டுக்குள் கோழி, கோழிக்குள் முட்டை என்று வைப்பார்கள். அவர்களுடைய 'உன்னக்காய்' கூட அப்படித்தான். அவித்துப் பிசைந்த நேந்திரம் பழத்துக்குள் தேங்காய்ப்பூ, கஜு, பிளம்ஸ் வைத்துப் பொரிப்பது. மலபாருக்கும் காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் நம் கரைக்கும் இருந்த வணிக உறவும் கல்யாண உறவும் நமக்குப் புதிதல்ல. நம் பெரியவர்கள் கோழிக்குள் முட்டை வைத்துத் தைத்தது எங்கே இருந்து வந்தது என்று யாராவது கேட்டால் நாங்கள் அந்தப் பக்கம்தான் கையைக் காட்டுவோம்.

அப்படியானால் சோறும் பாண்தூளும் எப்போது உள்ளே நுழைந்தன? எங்கள் கணிப்பைச் சொல்கிறோம், மறுப்பவர்கள் மறுக்கலாம். யுத்தத்துக்கு முன் இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து, அதிலும் முக்கியமாகப் பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஏப்ரல் 5 இல் கொழும்பிலும் 9 இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. பர்மாக் கப்பல் நின்றது, அரிசிக் கூப்பன் வந்தது. பற்றாக்குறைக்கு இந்தியாவிலிருந்து கம்பு வந்தது. 'பஜிரி' என்று சிங்களவரும் நம்மவரும் சொல்லிச் சலித்துக்கொண்ட அந்தத் தானியத்தை நினைவு வைத்திருந்த தலைமுறை இப்போது அநேகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. கூடவே அவுஸ்திரேலியக் கோதுமை மா வந்தது. நகரத்துச் சாப்பாடாக இருந்த பாண் அந்த வருடங்களில்தான் கிராமத்து வீடுகளுக்குள் ஆழமாக இறங்கியது. மிஞ்சிய பாணைக் காயவைத்துத் தூளாக்கி கட்லட்டுக்கும் கோழிக்கும் போடுகிற பழக்கம் அதற்குப் பின்னால்தான் வந்திருக்க வேண்டும். பிறகு 1980 இல் திருகோணமலையில் பிரிமா மாவாலை இயங்கத் தொடங்கியது, கோதுமை மா இல்லாத கடையே இல்லை என்றாகிவிட்டது.

யுத்தம் முடிந்தும் அரிசி அரசியலாகவே இருந்தது. 1952 இல் சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்க ஒப்பந்தம் போட்டோம். 1953 இல் கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஓகஸ்ட் 12 இல் நாடே ஹர்த்தாலில் நின்றது, சில வாரங்களில் டட்லி சேனாநாயக்க பிரதமர் பதவியை விட்டார். ஒரு கொத்து அரிசி பிரதமரைக் கவிழ்த்த நாடு இது. சோறில்லாத பெருநாள் என்றால் நமக்கு ஏன் நெஞ்சு அடைக்கிறது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இனி 1973. ஆலங்குடாவின் மூத்தம்மாமாரிடம் கேட்டால் எல்லோரும் வந்து நிற்கிற இடம் இது.

அந்த வருடம் ரமழான் பிறை பத்தில், ஒக்டோபர் 6 இல், எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலோடு போர் தொடங்கின. ரமழான் யுத்தம் என்று நம் பள்ளிவாசலில் பேசிய அதே யுத்தம். பத்து நாளில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. எண்ணெய் விலை ஏற, கப்பல் கூலியும் உரமும் ஏறின. ஏற்கெனவே முந்திய வருடம் ஆசியாவில் விளைச்சல் கெட்டு, உலகச் சந்தையில் அரிசி இல்லாமல் இருந்தது. தாய்லாந்து ஏற்றுமதியைத் தடுத்தது. 1972 தொடக்கத்தில் இருந்த விலை 1974 இல் மூன்று மடங்குக்கும் மேலே போனது. அந்நியச் செலாவணி இல்லாத நம் அரசாங்கம் அதே ஒக்டோபரில் இலவச அரிசிப் பங்கைப் பாதியாக்கியது. அந்த மாதக் கடைசியில் நோன்புப் பெருநாள்!

அரிசி இல்லாதது ஒரு பக்கம். இருந்த அரிசியையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக முடியாது. நெல் வாங்குவது அரசாங்கச் சபையின் கையில் இருந்தது, சில கொத்துக்கு மேல் பெர்மிட் இல்லாமல் எடுத்துச் செல்லக்கூடாது, வீதிகளில் தடைக்கம்பம் போட்டு பஸ்ஸை மறித்துப் பையைச் சோதிப்பார்கள். சிங்களத்தில் 'ஹால் பொல்ல' என்பார்கள். வயல் உள்ள ஊருக்கு இது தொல்லை. வயலே இல்லாத நம் மணலுக்கு இது கழுத்தைப் பிடித்த மாதிரி. எங்கள் உம்மம்மா சொல்வார்: குருநாகல் பக்கம் போய்வருகிற ஆட்கள் இரண்டு கொத்துச் சம்பாவைத் துணிக்குள் சுற்றி, மேலே தேங்காய் அடுக்கிக் கொண்டுவருவார்களாம். பிடிபட்டால் அரிசியும் போகும், மானமும் போகும். சங்கக்கடை வாசலில் சுபஹோடு வரிசை. கையில் கூப்பன் புத்தகம்.

அப்போது என்ன சாப்பிட்டோம்? மஞ்ஞொக்கா. மரவள்ளிக்கிழங்கு என்று புத்தகத்தில் எழுதுகிறோம், வீட்டில் மஞ்ஞொக்காதான். தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் கப்பலில் இந்தப் பக்கம் வந்து, பஞ்ச காலத்துப் பிள்ளையாக வளர்ந்த கிழங்கு. கேரளத்திலும் 1880களில் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் இதைப் பரப்பினார். இரண்டாம் யுத்தத்தில் பர்மா அரிசி நின்றபோது அங்கேயும் இதுதான் வயிற்றை நிரப்பியது. மணலில் நட்டுவிட்டால் அதிகம் தண்ணீர் கேட்காது. வற்றாளையும் ஈரப்பலாக்காயும் அப்படியே. காலையில் அவித்த மஞ்ஞொக்காவும் கட்டைச் சம்பலும், இரவில் மஞ்ஞொக்காக் கறி.

பெருநாளன்று மட்டும் கோழி அறுபட்டது. கோழி வீட்டில் மேய்ந்தது, அதற்குக் கூப்பன் தேவையில்லை. உம்மம்மாவின் உம்மா அந்தக் கோழிக்குள் ஈரலையும் கல்லீரல் பக்கத்துத் துண்டுகளையும் கொத்தி, வறுத்த தேங்காய்ப்பூவும் மாசியும் வெங்காயமும் சேர்த்து, நடுவில் ஒரேயொரு அவித்த முட்டையை வைத்து, ஈர்க்கால் குத்தி மூடினாராம். சஹனில் சோறு இருக்க வேண்டிய இடத்தில் மசித்த மஞ்ஞொக்கா. அதைச் சுற்றி ஆறு பேர். இதை உம்மம்மா சொல்லும்போது குறையாகச் சொன்னதில்லை. 'அண்டைக்குத்தான் கோழிட ருசி நாக்குக்குத் தெரிஞ்சிச்சு' என்பார். அது கிழவிகள் வழக்கமாகச் சொல்லும் பேச்சு என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். பிறகு அந்தக் கறியைச் செய்து பார்த்தோம். பேச்சு உண்மைதான்.

இங்கே ஒரு பக்கப் பேச்சு. இரண்டாம் யுத்த காலத்தில் உலகத்தின் வேறொரு மூலையில், தானியம் இல்லாமல் போனது ஒரு மருத்துவக் கேள்விக்கு வழிகாட்டியது. 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மன் ஆக்கிரமிப்பில் ஒல்லாந்து பட்டினி கிடந்தது. பாண் கிடைக்கவில்லை, ஜனங்கள் கிழங்கையும் துலிப் பூச்செடியின் கிழங்கையும் கூடத் தின்றார்கள். டொக்டர் டிக்கே என்ற குழந்தை வைத்தியர், தீராத வயிற்றோட்டத்தால் மெலிந்து கிடந்த சில பிள்ளைகளுக்குக் கோதுமைதான் காரணம் என்று அதற்கு முன்பே சந்தேகித்திருந்தார். 1950 இல் அவர் தன் ஆய்வை எழுதிக் கொடுத்தார். சீலியாக் என்கிற அந்த நோய் உள்ளவர்களுக்குக் கோதுமை, பார்லி, ரை மூன்றும் ஆகாது. அரிசி ஆகும். யஹூதிகள் பஸ்கா நாட்களில் புளித்த மா எதையும் வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள், அவர்களில் ஐரோப்பியப் பகுதியார் வழக்கமாக அரிசியையும் தவிர்ப்பார்கள். அவர்களிலும் பண்டிகைக் கோழிக்குள் கிழங்கும் முட்டையும் கொட்டை வகைகளும் வைப்பவர்கள் உண்டு. காரணம் ஒவ்வொருவருக்கும் வேறு, கடைசியில் சட்டிக்குள் விழுகிற பொருட்கள் ஏறத்தாழ ஒன்று.

1990 ஐச் சொல்லாமல் ஆலங்குடாவின் சாப்பாட்டுக் கதை முடியாது. அந்த வருடம் ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30 இல் கொடுத்த தவணை இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவின் ஜனங்கள் வள்ளங்களில் கடல்வழியாக நம் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். பள்ளிக்கூடங்களும் பள்ளிவாசல்களும் நிறைந்தன, பிறகு கிடுகுக் கொட்டில்கள். ஆலங்குடா முகாம் என்ற பெயர் அப்போது வந்தது. இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் அந்தக் கொட்டில்களில் பிறந்தவர்கள் அல்லது அங்கே பிறந்தவர்களைக் கட்டிக்கொண்டவர்கள்.

அவர்களின் முதல் நோன்புப் பெருநாள் 1991 ஏப்ரல் நடுவில். இந்த முறை கதை தலைகீழ். நிவாரணமாக அரிசியும் மாவும் பருப்பும் சீனியும் கிடைத்தன. தானியத்துக்குக் குறைவில்லை. கோழி இல்லை, சட்டி இல்லை, அடுப்பு இல்லை, தங்கள் வீட்டுக் கிணற்றடி இல்லை. ஊர்க்காரர்கள் தேங்காயும் மீனும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வடக்கத்திப் பெண்கள் அந்த மீனை வைத்துச் செய்ததைத்தான் நம் ஊர்ப் பெண்கள் பிறகு கற்றுக்கொண்டார்கள். கணவாயைச் சுத்தம் செய்து, அதன் காலையே பொடியாகக் கொத்தி, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காயோடு வதக்கி, அந்தக் கூட்டுக்குள்ளேயே திணித்து ஈர்க்கால் குத்திப் பால்கறி வைப்பது. எங்கள் வீட்டில் இதை இன்றும் 'முகாம் கணவாய்' என்றுதான் சொல்கிறோம். முகாம் என்ற சொல்லை அவர்களைக் கொச்சைப்படுத்தச் சிலர் பயன்படுத்திய காலமும் இருந்தது. தண்ணீர்க் குழாயடியிலும் பள்ளிக்கூட அனுமதியிலும் இரு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்றதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கணவாய்ச் சட்டியில் அந்த எல்லை நிற்கவில்லை.

2022 ஐ எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், நீட்ட வேண்டாம். 2021 இல் இரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தி, பெரும்போக நெல் விழுந்து, மா விலை ஏறி, கேஸ் இல்லாமல் விறகடுப்புக்குத் திரும்பிய வருடம். மே மாதத் தொடக்கத்துப் பெருநாளில் எத்தனை வீட்டில் புரியாணி சட்டி ஏறவில்லை என்று நமக்குத் தெரியும். சில பிள்ளைகள் பெருநாள் முடிந்து வகுப்புக்கு வந்து, என்ன சாப்பிட்டீர்கள் என்று மற்றவர்கள் கேட்டபோது பேசாமல் குனிந்துகொண்டார்கள். எங்களை இந்த நீண்ட பதிவை எழுத வைத்தது உண்மையில் அந்தக் குனிந்த தலைகளும், வீட்டு மூலையில் தனிப் பீங்கானில் கிரெக்கர் பிஸ்கட் தின்கிற சீனிக்கார மூத்தவர்களும்தான். சஹனைச் சுற்றி ஆறு பேர் என்றால் அதில் உம்மம்மாவுக்கும் இடம் வேண்டும்.

இனிக் கோழிக்கு வருவோம்.

சோறும் பாண்தூளும் கோழிக்குள் மூன்று வேலை செய்கின்றன. இறைச்சியிலிருந்து இறங்கும் சாறை இழுத்துக்கொள்கின்றன, கலவை உதிராமல் பிடிக்கின்றன, வயிற்றை நிரப்புகின்றன. இவற்றை எடுத்துவிட்டால் அந்த மூன்று வேலைக்கும் ஆள் தேட வேண்டும். சாறை இழுக்க வறுத்த தேங்காய்ப்பூ. பிடிப்புக்கு முட்டை. நிரப்ப வெங்காயமும் ஈரலும் கஜுவும். நம் மாவட்டத்திலேயே வனாத்தவில்லுப் பக்கம் கஜு விளைகிறது, உடைந்த கஜு போதும், முழுசுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ஒன்றேகால் கிலோ, ஒன்றரைக் கிலோ கோழிக்கு அளவு சொல்கிறோம். பெரிய வெங்காயம் நான்கு பொடியாக அரிந்து, எண்ணெயில் பொன்னிறம் தாண்டி நன்றாகச் சுருளும்வரை வதக்குங்கள். அவசரப்பட வேண்டாம், இருபது நிமிடமாவது பிடிக்கும். சோறு இருந்தால் வெங்காயத்தின் ஈரத்தைக் குடித்துவிடும். இப்போது குடிக்க ஆள் இல்லை, ஆகவே சட்டியிலேயே ஈரத்தைப் போக்க வேண்டும். இந்த இடத்தில் சோம்பினால் கோழிக்குள் கூழ்தான் இருக்கும். அதோடு ரம்பை, கறிவேப்பிலை, பச்சைக் கொச்சிக்காய் மூன்று, ஒரு கரண்டி இஞ்சி பூண்டு. பிறகு அந்தக் கோழியின் ஈரலும் கொத்திய இரைப்பையும். மிளகுத்தூள், கொஞ்சம் கறுவாத்தூள், மஞ்சள், உப்பு. ஈரல் வெந்ததும் இரண்டு தேக்கரண்டி மாசித்தூள், ஒரு பிடி கஜு. அரைத் தேங்காய்ப் பூவை வேறு சட்டியில் எண்ணெய் இல்லாமல் இளஞ்சிவப்பாக வறுத்துக் கடைசியில் கொட்டிக் கிளறி இறக்குங்கள். தேசிக்காய்ப் புளி பாதி. பிளம்ஸ் வழக்கமாகப் போடுவோம், சீனிக்காரர் சாப்பிடுகிற கோழிக்கு வேண்டாம். ஆறிய பிறகு ஒரு பச்சை முட்டையை அடித்துச் சேர்த்துப் பிசையுங்கள்.

அவித்த முட்டை இரண்டை நடுவில் வைத்து, சுற்றிக் கலவையை நிரப்புங்கள். முக்கால் பங்குக்கு மேல் திணிக்க வேண்டாம், முட்டை வெந்தால் கலவை உப்பும். அடைத்த கோழியை இரவு முழுக்க வைத்துக் காலையில் அடுப்பில் ஏற்றுகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, அது ஆபத்து. கிருமி வளர்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கலவையை முதல்நாள் செய்து குளிர்ச் சாதனப் பெட்டியில் தனியே வைக்கலாம், பச்சை முட்டையை மட்டும் அடைக்கும்போது சேருங்கள். அடைப்பதும் அடுப்பில் வைப்பதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். தைத்த கோழியை எண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்கத் திருப்பி, தேங்காய்ப்பாலும் சரக்கும் விட்டு, மூடி போட்டு மெல்லிய நெருப்பில் ஒன்றேகால் மணித்தியாலம். நடுவிலும் வெந்திருக்க வேண்டும். ஈர்க்கை நடுவரை குத்தி எடுத்தால் சூடாகக் கையைச் சுட வேண்டும், வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும்.

சோறில்லாத கலவை என்றால் சீனி இல்லாத கலவை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. மஞ்ஞொக்கா, உருளைக்கிழங்கு, வற்றாளை, ஈரப்பலாக்காய் எதுவும் தானியமல்ல, ஆனால் அவற்றின் மாச்சத்து இரத்தத்தில் சீனியாகத்தான் போய்ச் சேரும். 1973 இல் வயல் வேலையும் கடல் வேலையும் செய்த உடம்புக்கு மஞ்ஞொக்கா சரி. உட்கார்ந்திருக்கிற மூத்தவருக்கு மேலே சொன்ன கிழங்கில்லாத கலவையைக் கொடுங்கள். தேங்காயும் கஜுவும் கொழுப்பு, அதிலும் அளவு வேண்டும். சீனிக் குளிசை எடுப்பவர், ஊசி போடுபவர் பெருநாளென்று சோறு முழுக்க விட்டுவிட்டால் சீனி இறங்கி மயக்கம் வரலாம். கிளினிக்கில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாலிபப் பிள்ளைகளுக்கு வயிறு நிரம்ப வேண்டும் என்றால் இரண்டாவது கோழிக்கு மஞ்ஞொக்கா வையுங்கள். தோலையும் உட்தோலையும் நன்றாக நீக்கி, நடு நாரை எடுத்து, துண்டாக்கித் தண்ணீரில் ஊறவைத்து, மூடி போடாமல் நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சைக் கிழங்கில் சயனைட்டை விடுகிற பொருள் இருக்கிறது, அது திறந்த சட்டியில்தான் போகும். கசக்கிற கிழங்கைத் தொடவே வேண்டாம். இதற்கு இஞ்சி சேர்க்கக்கூடாது என்று இலங்கை முழுக்க ஒரு பேச்சு உண்டு. விஷம் இருப்பது கிழங்கில்தான், இஞ்சியில் இல்லை. ஆனாலும் உம்மாமாரோடு பெருநாளன்று வாதம் பண்ணுவதற்கு நாங்கள் தயாரில்லை. இஞ்சி இல்லாமல் பூண்டு மட்டும் போட்டுச் செய்கிறோம், ருசி குறையவில்லை.

கோழி வாங்க வசதிப்படாத வீட்டுக்குக் கணவாய் இருக்கிறது. பெருநாளுக்கு முதல்நாள் மாலையில் வள்ளம் வரும் நேரம் போனால் விலை கொஞ்சம் இறங்கும். கணவாய்க்கு இதே கலவைதான், ஈரலுக்குப் பதில் அதன் கால். பாதிக்கு மேல் அடைக்க வேண்டாம், கூடு சுருங்கும்போது கலவை வெளியே பிதுங்கிவிடும். கால்மணித்தியாலத்துக்குள் இறக்கிவிடுங்கள், விட்டால் ரப்பராகும்.

குர்பான் இறைச்சி வந்த பிறகு மிஞ்சிய கலவையில் கொத்திறைச்சி சேர்த்து உருண்டையாகப் பிடித்து, முட்டையில் தோய்த்துப் பொரிக்கலாம். பாண்தூள் பூச்சு தேவையில்லை, காய்ந்த தேங்காய்ப்பூவில் புரட்டினால் மொறுமொறுப்பாக வரும். பிள்ளைகள் இதற்குத்தான் அடிபடுவார்கள்.

கடைசியாக ஒன்று. கோழியை மூட எத்தனை ஈர்க்குக் குத்தினோம் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். நூலையும் ஈர்க்கையும் கணக்குப்படி எடுத்த பிறகே சஹனில் வையுங்கள். சின்னப் பிள்ளைகளும் பார்வை மங்கிய மூத்தவர்களும் ஒரே சஹனில் கைவைக்கிற நாள் அது.